லெகோலேண்ட் ஹோட்டலில் தங்கலாமா? கைக்குழந்தையும் தாத்தா பாட்டியும் கூட வருகிறார்கள்

தஞ்சாவூர்_மகள்:

வணக்கம். சிங்கப்பூரில் இருக்கிறோம். ஊரிலிருந்து அப்பா அம்மா வந்திருக்கிறார்கள். அப்பாவுக்கு 71, அம்மாவுக்கு 66. பெரியவனுக்கு 4 வயது, சின்னவளுக்கு இன்னும் 2 முடியவில்லை. டிசம்பர் விடுமுறையில் மலேசியாவின் ஜொகூரில், லெகோ விளையாட்டுக் கட்டைகளை வைத்து அமைத்த லெகோலேண்ட் பொழுதுபோக்குப் பூங்காவுக்குப் போய், அதன் வாசலிலேயே இருக்கிற அந்த ஹோட்டலில் இரண்டு ராத்திரி தங்கலாமா என்று யோசிக்கிறோம்.

அப்பாவுக்கு வலது முழங்காலில் தேய்மானம், காதுக்கு மெஷின் வைத்திருக்கிறார். அம்மாவுக்குச் சர்க்கரை, மாத்திரையில் இருக்கிறார், சுத்த சைவம். வீட்டுக்காரர் "காலையில் போய் சாயங்காலம் திரும்பலாம், தங்குவதற்கு எதற்கு இவ்வளவு காசு" என்கிறார். எனக்கு மனசு கேட்கவில்லை. அப்பா அம்மா அடிக்கடி வர முடியாது. போய் வந்தவர்கள் சொல்லுங்கள், அந்த ஹோட்டல் பெரியவர்களுக்கும் ஒத்துவருமா, இல்லை பிள்ளைகளுக்கு மட்டுமா?

தெம்பனிஸ்_அப்பா:

ஒரே நாளில் போய் வருவது 2 வயதுக் குழந்தையோடு வேண்டவே வேண்டாம். டிசம்பர் விடுமுறையில் எல்லையில் துவாஸ் சோதனைச்சாவடியிலேயே எத்தனை மணி நேரம் போகும் என்று யாராலும் சொல்ல முடியாது. போக வர இரண்டு தடவை அந்த வரிசை. நடுவில் மிச்சமிருக்கிற நேரத்தில் பார்க்கைச் சுற்றினால் யாருக்கும் சந்தோஷம் இருக்காது. உங்கள் கணவர் கணக்கில் டிக்கெட் காசு இருக்கிறது, அலைச்சல் இல்லை.

ஹோட்டலைப் பொறுத்தவரை சின்னப் பிள்ளைகளுக்கு அதை மிஞ்ச ஒன்று கிடையாது. 2013-இல் திறந்தது. கடற்கொள்ளையர், அரச கோட்டை, காட்டுச் சாகசம் என்று அறைக்கு அறை ஒரு தீம். பிள்ளைகளுக்குத் தனி மூலை, அதில் அடுக்குக் கட்டில், கீழே இழுத்துக்கொள்கிற கட்டில் ஒன்று, தனி டிவி. அறையில் ஒரு பெட்டி பூட்டியிருக்கும். அறைக்குள்ளேயே துப்புத் தேடி எண்ணைக் கண்டுபிடித்துத் திறந்தால் உள்ளே பரிசு. என் மகன் கட்டில் அடியிலும் திரைச்சீலைக்குப் பின்னாலும் தேடித் தேடி, கடைசி எண்ணைத் தாத்தாவிடம் கேட்டுக் கேட்டுப் போட்டான். எங்கள் அப்பா அன்றைக்குச் சிரித்த மாதிரி நான் பார்த்து ரொம்ப நாளாகியிருந்தது. கண்ணை மூடிக்கொண்டு போடுங்கள்.

கூலாய்_அக்கா:

தங்கச்சி, கண்ணை மூடிக்கொண்டு போடாதீர்கள். நான் ஜொகூர்க்காரி, அந்தப் பக்கம் அடிக்கடி போகிறவள். தெம்பனிஸ் தம்பி சொன்னதெல்லாம் நிஜம்தான். ஆனால் அந்த அறையில் உங்கள் அப்பா அம்மா எங்கே படுப்பார்கள்? பெரிய கட்டில் ஒன்று. மற்றதெல்லாம் பிள்ளைகள் ஏறி இறங்குகிற கட்டில். முழங்கால் தேய்ந்தவர் ஏணியில் ஏற மாட்டார், தரையோடு ஒட்டிய கட்டிலில் உட்கார்ந்தால் எழுந்திருக்க மாட்டார். அப்படியென்றால் இரண்டு அறை எடுக்க வேண்டும். விடுமுறையில் இரண்டு அறை என்றால் விலை எங்கேயோ போய்விடும்.

பக்கத்திலேயே மெதினியில் சர்வீஸ் அபார்ட்மென்ட்கள் இருக்கின்றன. இரண்டு படுக்கையறை, ஹால், அடுப்பு, குளிர்ப்பெட்டி, துணி துவைக்கும் மெஷின். அம்மா ஒரு குக்கரில் சோறு வைத்து, ரசம் வைத்து, தன் நேரத்துக்குச் சாப்பிடலாம். சுத்த சைவமாக இருக்கிற வயசானவர்களுக்கு இது பெரிய நிம்மதி. கோவிச்சுக்காதீர்கள், பிள்ளைக்கு இரண்டு வயது. அறையில் கடற்கொள்ளையர் படம் இருந்ததா யானைப் படம் இருந்ததா என்று அவளுக்கு நினைவே இருக்காது.

தெம்பனிஸ்_அப்பா:

அக்கா, 4 வயதுப் பையனுக்கு நினைவிருக்கும். அப்புறம், மெதினியிலிருந்து மத்தியானம் திரும்பி வர வண்டி பிடிக்க வேண்டும். ஹோட்டல் என்றால் பார்க் வாசலிலிருந்து சில எட்டு. அதுதான் விஷயமே.

கூலாய்_அக்கா:

சில எட்டு என்பது உண்மை. அதற்கு அவ்வளவு விலை கொடுக்கலாமா என்பதுதான் என் கேள்வி.

லாந்தாவ்_வாசி:

நான் ஹாங்காங்கில் இருப்பவன். அங்குள்ள டிஸ்னிலேண்டில் என் மாமனார் மாமியாரோடும் பிள்ளைகளோடும் தங்கியிருக்கிறோம். இடம் வேறு என்றாலும் பிரச்சினை ஒன்றுதான், அதனால் சொல்கிறேன்.

இந்த மாதிரி ஹோட்டலில் நாம் காசு கொடுப்பது மத்தியானத் தூக்கத்துக்கு. கைக்குழந்தைக்கும் அந்த நேரத்தில் தூக்கம் வரும், பெரியவர்களுக்கும் வரும். குடும்பத்திலேயே ஒரே கால அட்டவணையில் ஓடுகிறவர்கள் அவர்கள்தான். காலையில் திறந்ததும் உள்ளே போய், ஒரு மணிக்குள் வெளியே வந்து, சாப்பிட்டு, திரை இழுத்துவிட்டு இரண்டு மணி நேரம் எல்லாரும் படுத்துவிட வேண்டும். பார்க்கிலிருந்து அறைக்கு எவ்வளவு நேரம் என்பதைப் பார்த்துத்தான் ஹோட்டலை எடை போட வேண்டும். இருபது நிமிஷத்துக்கு மேல் என்றால் குழந்தை வண்டியிலேயே தூங்கிவிடும், அறைக்கு வந்ததும் விழித்துக்கொள்ளும். அன்றைய நாள் அதோடு சரி.

ஒரு வித்தியாசம் உண்டு. டிஸ்னியில் இரவில் கோட்டைக்கு முன்னால் ஒளி, வாணவேடிக்கைக் காட்சி இருக்கும். தூங்கி எழுந்து மறுபடி போக ஒரு காரணம் இருக்கிறது. லெகோலேண்ட் மாலை 6 மணிக்கே மூடிவிடும் என்று ஞாபகம். அப்படியென்றால் தூங்கி எழுந்து என்ன செய்வது என்பதையும் யோசித்துக்கொள்ளுங்கள்.

தெம்பனிஸ்_அப்பா:

ஆமாம், 10 மணிக்குத் திறந்து 6-க்கு மூடும். ஆனால் ஹோட்டலுக்குள்ளேயே வரவேற்புக் கூடத்தில் குழந்தைகள் ஏறி விளையாட ஒரு கோட்டை, பக்கத்தில் குவியல் குவியலாக லெகோ. நீச்சல் குளமும் உண்டு. சாயங்காலம் போய்விடும். பெரியவர்கள் அங்கேயே சோபாவில் உட்கார்ந்து பேரப்பிள்ளைகளைப் பார்க்கலாம், ஏசியில்.

ஒன்று மட்டும். லிஃப்டில் கதவு மூடியதும் டிஸ்கோ விளக்கும் பாட்டும் போடுவார்கள். பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். தாத்தா காது மெஷின் வைத்திருப்பதால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அந்தச் சின்னக் கூண்டுக்குள் திடீரென்று சத்தம் வரும்போது மெஷின் அதை இன்னும் பெரிதாக்கிக் கொடுக்கும். என் பெரியப்பா முதல் தடவை இரண்டு காதையும் பொத்திக்கொண்டு சுவரில் சாய்ந்துவிட்டார். அப்புறம் லிஃப்டுக்கு முன்னாலேயே மெஷினின் சத்தத்தைக் குறைத்துக்கொண்டு, பேரனோடு கையை ஆட்டிக்கொண்டே போனார்.

பேரன்களுக்கு_ஆச்சி:

இவ்வளவு பேர் பேசுகிறீர்கள், பாட்டி கட்சியிலிருந்து ஒருத்தி பேசலாமா? நான் திருநெல்வேலி. மகன் கோலாலம்பூரில். லெகோலேண்டுக்கு அவர்களோடு போனவள்.

மகளே, முதலில் உன் அப்பா அம்மாவிடம் கேட்டாயா? "உங்களுக்கு ஒத்துவருமா" என்று எங்களைக் கேட்கிறாய். அவர்களை உட்கார வைத்து, படத்தைக் காட்டி, "இது இப்படி இருக்கும், இவ்வளவு நடக்க வேண்டும், இவ்வளவு வெயில், உங்களுக்கு என்ன ஆசை" என்று கேள். எங்கள் வயதில் பிள்ளைகள் கூப்பிட்டால் முடியாது என்று சொல்ல மாட்டோம். வலியை வெளியே காட்ட மாட்டோம். ராத்திரி கால் வீங்கினால் தைலம் தேய்த்துக்கொண்டு படுத்துவிடுவோம். அதனால்தான் சொல்கிறேன், நீதான் கேட்டு வாங்க வேண்டும்.

இரண்டாவது விஷயம். சின்னவளைத் தாத்தா பாட்டியிடம் விட்டுவிட்டு நீங்கள் இருவரும் பெரியவனோடு ராட்டினத்துக்குப் போவீர்கள். தப்பில்லை, நாங்களே அனுப்பி வைப்போம். ஆனால் நாள் முழுக்க அப்படியே போய்விடக் கூடாது. நான் போனபோது பையையும் தள்ளுவண்டியையும் பார்த்துக்கொண்டு மர நிழலில் உட்கார்ந்திருந்ததுதான் அதிகம். மருமகள் அதைக் கவனித்தாள். மறுநாள் காலையில் அவளே பிள்ளைகளை வைத்துக்கொண்டு, "அத்தை, நீங்கள் இருவரும் போய் வாங்க" என்று என்னையும் அவரையும் அந்தச் சுற்றிப் பார்க்கிற ரயிலில் ஏற்றிவிட்டாள். பார்க் முழுக்க ஒரு சுற்று. கோபுரம் ஒன்று இருக்கிறது, உட்கார்ந்தபடியே மேலே சுற்றிக்கொண்டு போகும், அதிலும் போனோம். தாஜ்மகாலைக் கட்டை கட்டையாக அடுக்கி வைத்திருந்ததை அவர் எவ்வளவு நேரம் குனிந்து பார்த்தார்! ஒரு வாசல் வளைவைக் காட்டி, இது எத்தனை கட்டையில் வந்திருக்கும் என்று எண்ண ஆரம்பித்துவிட்டார். அவர் கட்டட மேஸ்திரியாக இருந்தவர். எனக்கு அந்தப் பயணத்தில் மனசில் நிற்பது அதுதான்.

தஞ்சாவூர்_மகள்:

ஆச்சி, படித்ததும் போய் அம்மாவிடம் கேட்டேன். முதலில் "எங்களுக்கென்ன, நீங்கள் போகிற இடத்துக்கு வருவோம்" என்றார். விடாமல் கேட்டதும், "வெயிலில் நிற்கிறது மட்டும் முடியாதுடி, அப்புறம் ஒரு கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போனால் நல்லது" என்றார். அப்பாவுக்கு லெகோலேண்டிலேயே இருக்கிற தண்ணீர் பார்க்கில் பேத்தியோடு காலை நனைக்க வேண்டுமாம். நானாக யோசித்திருந்தால் இரண்டுமே தோன்றியிருக்காது. நன்றி ஆச்சி.

கூலாய்_அக்கா:

கோயிலுக்கு ஜொகூர் பாரு நகரத்துக்குள் இருக்கிற ராஜகாளியம்மன் கண்ணாடிக் கோயிலுக்குக் கூட்டிப் போங்கள். சுவர், தூண், கூரை எல்லாம் கண்ணாடித் துண்டு பதித்தது. உள்ளே விளக்கு எரியும்போது பார்க்க வேண்டும். லெகோலேண்டிலிருந்து கொஞ்சம் தூரம், வண்டியில்தான் போக வேண்டும். பார்க்குக்குப் போகிற நாளில் இதையும் சேர்க்காதீர்கள். திரும்புகிற நாளில் காலைச் சாப்பாடு முடிந்து அறையைக் காலி செய்துவிட்டு நேராகக் கோயில், பக்கத்தில் சைவக் கடையில் வாழையிலைச் சாப்பாடு, அப்படியே சிங்கப்பூர். வழியில் வேண்டியதைப் பொட்டலமாகக் கட்டி (தாப்பாவ்) வாங்கிக்கொள்ளுங்கள். சாவடி வரிசையில் மாட்டிக்கொண்டால் அம்மா பசியோடு இருக்கக் கூடாது.

கோவை_பிசியோ:

நான் பிசியோதெரபிஸ்ட். முழங்கால் தேய்மானம் உள்ளவர்களுக்குச் சமதரையில் நிதானமாக நடப்பதைவிட, ஒரே இடத்தில் நிற்பதும் படி ஏறி இறங்குவதும் தாழ்வான இருக்கையிலிருந்து எழுவதும்தான் அதிக வேதனை கொடுக்கும். பார்க்கில் வரிசையில் நிற்பதுதான் அவருக்கு எதிரி. பார்க்கில் சக்கர நாற்காலி வாடகைக்குக் கிடைக்கிறதா என்று முன்பே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். அப்பா "எனக்கெதுக்கு அது" என்பார். அவரை உட்காரச் சொல்லாமல், சின்னவளை மடியில் வைத்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று சொல்லிப் பாருங்கள். என் நோயாளிகளில் பலர் பேரப்பிள்ளைக்காக உட்கார்ந்திருக்கிறார்கள்.

குளியலறையை யாரும் பேசவில்லை. ஹோட்டலுக்கு எழுதும்போது கேட்க வேண்டிய முதல் கேள்வி, குளியல் தொட்டியா, தரையோடு இருக்கிற ஷவரா? தொட்டியின் விளிம்பைத் தாண்டிக் காலை வைப்பதில்தான் பெரியவர்கள் விழுகிறார்கள், அதுவும் ஈரக் காலோடு வெளியே வரும்போது. தரை ஷவர் உள்ள அறையைக் கேளுங்கள். கிடைக்காவிட்டால் வழுக்காத ரப்பர் விரிப்பு ஒன்றைக் கையோடு எடுத்துப் போங்கள். ஒரு பிளாஸ்டிக் முக்காலியும் குவளையும் வண்டியில் போட்டுக்கொண்டால் இன்னும் நல்லது. உட்கார்ந்து குளிக்கிற பழக்கம் உள்ளவர்களை நிற்க வைத்துக் குளிக்கச் சொல்லக் கூடாது.

அம்மாவுக்கு: சர்க்கரை மாத்திரை போட்டுவிட்டுச் சாப்பாடு தள்ளிப்போனால் மயக்கம் வரலாம். கடைகளில் கூட்டம் சேர்வதற்கு முன், பன்னிரண்டு மணிக்கே உட்கார்ந்துவிடுங்கள். கையில் குளுக்கோஸ் இருக்கட்டும். இன்னொன்று, தண்ணீர் பார்க்கில் செருப்பில்லாமல் நடக்க விடாதீர்கள். வெயில் தரை சுடும். நாள்பட்ட சர்க்கரையில் பாத உணர்ச்சி குறைந்திருந்தால் கொப்புளம் வந்ததே தெரியாது. ரப்பர் அடி உள்ள, தண்ணீரில் போடக்கூடிய செருப்பு வாங்கிக் கொடுங்கள்.

மைசூர்ரோடு_மீனா:

தண்ணீர் பார்க் பற்றிப் பேச்சு வந்ததால் சொல்கிறேன். பெங்களூர் பிடதியில் வொண்டர்லா பொழுதுபோக்குப் பூங்காவையும் அதை ஒட்டிய ரிசார்ட்டையும் நன்றாகத் தெரியும். இந்த மாதிரி இடங்களில் எங்கேயும் பருத்திப் புடவை, வேட்டியோடு குளத்தில் இறங்க விட மாட்டார்கள். நூல் பிரிந்து வடிகட்டியை அடைக்கும், ஈரப் புடவை காலில் சுற்றிக்கொள்வதும் ஆபத்து. ஊரிலிருந்து வருகிற பெரியவர்களுக்கு இது தெரியாது. அங்கே போய் வாசலில் நிற்க வைத்துச் சொன்னால் கூசிப்போவார்கள். முழுக்கை, முழுக்கால் மூடுகிற நீச்சலுடை இப்போது எல்லா இடத்திலும் கிடைக்கிறது, மலேசியாவில் இன்னும் சுலபம். தாத்தாவுக்கு முழங்கால் வரை நீச்சல் கால்சட்டையும் முழுக்கைச் சட்டையும் வாங்கி, வீட்டிலேயே ஒரு தடவை போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். சின்னவளுக்கு நீச்சலுக்கென்று இருக்கிற டயப்பர் கட்டாயம், சாதாரண டயப்பர் ஊறி வீங்கிவிடும்.

தெம்பனிஸ்_அப்பா:

நல்ல தகவல். உயரக் கட்டுப்பாடு பற்றியும் ஒரு வார்த்தை. 4 வயதுப் பையனை வீட்டிலேயே அளந்து பாருங்கள். கோட்டைப் பக்கம் இருக்கிற பெரிய டிராகன் ரோலர் கோஸ்டருக்கு 100 செ.மீ. வேண்டும். ஜூனியர் டிரைவிங் ஸ்கூல் 3 முதல் 5 வயதுக்கு, அது அவனுக்குச் சரியாக இருக்கும். பெரிய டிரைவிங் ஸ்கூல் 6 வயதிலிருந்துதான், அதைக் காட்டி ஆசை மூட்டாதீர்கள். சின்னவளுக்கு, சின்னக் குழந்தைகளுக்கென்று இருக்கிற டூப்லோ பகுதி போதும், 3 வயதுக்குக் கீழே டிக்கெட்டும் கிடையாது. 60 வயதுக்கு மேற்பட்டவர்களுக்குப் பிள்ளைகள் விலைதான்.

சனிக்கிழமையைத் தவிர்த்து ஞாயிறு போங்கள், கூட்டம் குறையும்.

கூலாய்_அக்கா:

தம்பி, அது பழைய கதை. ஜொகூரில் வெள்ளி, சனி விடுமுறையாக இருந்தபோது ஞாயிறு காலியாக இருக்கும். 2025 ஜனவரி 1-இலிருந்து இங்கேயும் சனி, ஞாயிறுதான். இப்போது செவ்வாய், புதன் மாதிரி நடு வாரம் போனால்தான் நிம்மதி. அதிலும் பார்க் திறந்திருக்கிற நாளா என்று தளத்தில் பார்த்துவிட்டு அறை போடுங்கள்.

டிசம்பர் மழைக்காலம் வேறு. மத்தியானத்துக்கு மேல் இடி மின்னல் வந்தால் வெளியே இருக்கிற சவாரி, தண்ணீர் பார்க் எல்லாவற்றையும் நிறுத்திவிடுவார்கள். அதனால் தண்ணீர் பார்க்கைக் காலையில் வையுங்கள். மழை பிடித்தால் உள்ளே ஸீ லைஃப் மீன் காட்சியகம் இருக்கிறது, வயசானவர்களும் கைக்குழந்தையும் ஒரே மாதிரி ரசிக்கிற இடம் அது.

லாந்தாவ்_வாசி:

அக்கா சொல்வதைப் பார்த்தால் மத்தியான ஓய்வு இன்னும் சரியாகப் பொருந்துகிறது. இடி நேரத்தில் எல்லாரும் தூக்கத்தில் இருப்பார்கள்.

தஞ்சாவூர்_மகள்:

எல்லாவற்றையும் வீட்டுக்காரரிடம் படித்துக் காட்டினேன். முடிவுக்கு வந்துவிட்டோம். நடு வாரத்தில் முதல் ராத்திரி மெதினியில் இரண்டு படுக்கையறை அபார்ட்மென்ட். அன்றைக்குப் பார்க் இல்லை, வந்து சேர்ந்து, சமைத்துச் சாப்பிட்டு, ஓய்வு. மறுநாள் பார்க், அன்று ராத்திரி மட்டும் ஹோட்டலில் நடுவில் கதவு வைத்து இணைந்த இரண்டு அறை. மாலையில்தான் அறை தருவார்கள் என்பதால் அன்றைக்கு மத்தியானத் தூக்கத்துக்கு என்ன செய்வது என்றுதான் இடிக்கிறது.

லாந்தாவ்_வாசி:

வரிசையை மாற்றினாலும் சரிவராது. முதல் ராத்திரி ஹோட்டல், இரண்டாவது ராத்திரி அபார்ட்மென்ட் என்றாலும் பார்க் நாளில் மத்தியானம் அறை இருக்காது, காலையில் காலி செய்ய வேண்டியிருக்கும். இரண்டு ராத்திரியும் ஒரே இடத்தில் இருந்தால்தான் நடுவில் ஒரு முழு நாள் கிடைக்கும். சின்னவளைப் புது இடத்தில் இரண்டு தடவை தூங்கவைப்பதும் பாடு, பெரியவர்கள் பெட்டி கட்டிப் பெட்டி பிரிப்பதும் பாடு. ஹோட்டலோ அபார்ட்மென்டோ, ஒன்றில் இரண்டு ராத்திரியும் இருங்கள்.

கூலாய்_அக்கா:

இதை நானும் ஒப்புக்கொள்கிறேன். நடு வாரம் என்றால் ஹோட்டல் விலையும் சனி ஞாயிறு மாதிரி இருக்காது. இரண்டு அறைக்கு விலை கேட்டுப் பாருங்கள். கட்டுப்படியானால் ஹோட்டலே போடுங்கள். அம்மாவுக்குச் சின்ன மின்குக்கரை அறையில் வைக்க விடுவார்களா என்று எழுதிக் கேளுங்கள். இல்லாவிட்டால் தயிர், பழம், வறுத்த அவல், ஊறுகாய் கையில் இருக்கட்டும். காலை பஃபேயில் சைவம் எதுவென்று கேட்டுத் தட்டில் வையுங்கள். கரண்டி மாறிப்போகும், முதலில் அவரை எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

தஞ்சாவூர்_மகள்:

விலை கேட்டாயிற்று. நடு வாரத்தில் நாங்கள் பயந்த அளவுக்கு இல்லை. இரண்டு ராத்திரியும் ஹோட்டல், இரண்டு அறை, தரை ஷவர் கேட்டு எழுதியிருக்கிறோம். பார்க் நாளில் காலை நாங்கள் இருவரும் பிள்ளைகளோடு தண்ணீர் பார்க், அப்பா கூட வருவார், அம்மா நிழலில். மத்தியானம் தூக்கம். சாயங்காலம் அப்பா அம்மா இருவரும் ரயிலும் கோபுரமும், பிள்ளைகள் எங்களிடம். திரும்பும் நாள் கண்ணாடிக் கோயில்.

கடைசியாக ஒன்று. எங்களுக்கு நிரந்தரவாசம் இருக்கிறது, அப்பா அம்மா விசிட் விசாவில் வந்தவர்கள். எல்லையில் என்னென்ன வேண்டும்? பேருந்தா, ஏழு பேர் வண்டியா?

தெம்பனிஸ்_அப்பா:

பேருந்து வேண்டாம். இரண்டு பக்கமும் இறங்கி ஏற வேண்டும், மலேசியப் பக்கம் பெட்டிகளையும் தூக்கிக்கொண்டு போக வேண்டும். வண்டி என்றால் உட்கார்ந்தபடியே கடவுச்சீட்டைக் கொடுக்கலாம். மலேசியாவுக்குக் கொண்டுபோக அனுமதி உள்ள வாடகை வண்டியா, அந்த வண்டிக்கு விஇபி என்கிற மலேசிய வாகன நுழைவு அனுமதி இருக்கிறதா என்று கேட்டு எடுங்கள், சிங்கப்பூரை விட்டு வெளியே போகும்போது டேங்கில் முக்கால் பங்கு பெட்ரோல் இருக்க வேண்டும். கிளம்புவதற்குச் சற்று முன் அப்பாவைக் கழிப்பறைக்குப் போய்வரச் சொல்லுங்கள், வரிசையில் நின்றால் இறங்க முடியாது.

தாள்கள்: இந்தியக் கடவுச்சீட்டுக்கு 2023 டிசம்பரிலிருந்து மலேசியாவில் 30 நாள் வரை விசா வேண்டாம். ஆனால் மலேசிய டிஜிட்டல் வருகை அட்டையை, போய்ச் சேர்வதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் இணையத்தில் நிரப்ப வேண்டும், உங்களுக்கும் சேர்த்து. சிங்கப்பூர் குடிமக்களுக்குத்தான் அது தேவையில்லை. எல்லாவற்றையும்விட முக்கியம், அப்பா அம்மாவின் சிங்கப்பூர் விசா பலமுறை நுழைய அனுமதிக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள். ஒருமுறை நுழைவு என்றால் அவர்கள் திரும்ப உள்ளே வர முடியாது. திரும்பும்போது அவர்கள் இருவருக்கும் சிங்கப்பூர் வருகை அட்டையை மறுபடி நிரப்ப வேண்டும். ஹோட்டலில் வைஃபை இருக்கும்போதே முந்தின இரவு போட்டுவிடுங்கள்.

தஞ்சாவூர்_மகள்:

பார்த்துவிட்டேன் அண்ணா, இருவருக்கும் பலமுறை நுழைவுதான். அம்மா இப்போதே அவல் வறுக்க ஆரம்பித்துவிட்டார்.